மீதிப் பேரின் மார்க் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

மே முதல் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்லியாக வேண்டும் என்பதால், ஏப்ரலில் வரும் கடிதங்களில் முக்கால்வாசி அமெரிக்க அட்மிஷன் பற்றியே இருக்கும். இந்த மாதம் எஸ்.ஏ.டி. (அமெரிக்கக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு; கணக்குக்கு 800, வாசிப்பு–எழுத்துக்கு 800, மொத்தம் 1600) மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகங்களை ஒப்பிடும் கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தப் புள்ளிவிவரங்களைத் தயாரித்து வெளியிடும் அலுவலகத்தில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இரண்டு இடங்களில் கிடைத்திருக்கிறது. ஒன்றில் மாணவர்களின் எஸ்.ஏ.டி. 1340–1480 என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் 1440–1530. இவள் வாங்கியது 1450. எடுக்கப்போவது இன்ஜினீயரிங். இரண்டாவது இடத்தில் போய்த் திணறுவாள் என்று என் கணவர் பயப்படுகிறார். முதலாவது தரம் குறைந்த இடம் என்று என் தம்பி சொல்கிறான். யார் சொல்வது சரி?
— ஆர்.வி., டாலஸ்

உங்கள் கணவரையும் தம்பியையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். முதலில் அந்த எண்கள் என்ன என்று பார்ப்போம்.

1340–1480 என்றால் மிகக் குறைவு 1340, மிக அதிகம் 1480 என்று அர்த்தமில்லை. 1340 என்பது 25-ஆவது பெர்சன்டைல், 1480 என்பது 75-ஆவது. கால்வாசிப் பேர் 1340-க்குக் கீழே, கால்வாசிப் பேர் 1480-க்கு மேலே, நடுவில் பாதிப் பேர். அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் முதல் இடத்தில் நடுவுக்கு மேலே இருக்கிறாள். இரண்டாவது இடத்திலும் கடைசி ஆள் இல்லை. கால்வாசிப் பேர் அவளுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். இரண்டு வகுப்புகளையும் ஒரே மைதானத்தில் கலந்து நிறுத்தினால், மதிப்பெண்ணை மட்டும் வைத்து யார் எந்தக் கல்லூரி என்று பிரிக்க உங்கள் தம்பியால் முடியாது.

ஆனால் நான் சொன்ன 'கால்வாசிப் பேர்' யாரில் கால்வாசி? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் வருஷா வருஷம் 'காமன் டேட்டா செட்' என்ற ஒரே மாதிரிப் படிவத்தை நிரப்பி வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் 'சி' பகுதி, 9-ஆவது கேள்வி. எல்லோரும் நேராகப் பெர்சன்டைல் அட்டவணைக்குத் தாவுவார்கள். அதற்கு மேலே சின்னதாக இரண்டு வரி இருக்கும்: சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்.ஏ.டி. மதிப்பெண் கொடுத்தார்கள், எத்தனை சதவீதம் பேர் ஏ.சி.டி. (எஸ்.ஏ.டி.க்கு மாற்றான இன்னொரு நுழைவுத் தேர்வு, 36-க்கு) மதிப்பெண் கொடுத்தார்கள். அலுவலகத்தில் மற்ற பல்கலைக்கழகங்களின் படிவம் வந்தால் நாங்கள் முதலில் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். அதைப் பார்க்காமல் கீழே உள்ள எண்ணைப் பேசுகிறவர்களை நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 1,000 பேர் சேரும் கல்லூரி. எல்லோரும் மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த காலத்தில் அதன் 25-ஆவது பெர்சன்டைல் 1250. பிறகு 2020-இல் கொரோனா வந்தது. தேர்வு மையங்கள் மூடின. கொடுத்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று கல்லூரிகள் சொல்லிவிட்டன. 1350-க்குக் கீழே வாங்கியவர்கள் புத்திசாலித்தனமாக வாயை மூடிக்கொண்டார்கள். 420 பேர் மட்டும் கொடுத்தார்கள். இப்போது அந்த 420 பேரின் 25-ஆவது பெர்சன்டைல் 1400. அதே ரகப் பிள்ளைகள், அதே வாத்தியார், அதே வகுப்பறை. எண் மட்டும் 150 ஏறிவிட்டது. மீதி 580 பேர் கணக்கிலேயே இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கையை விட்டுக் கலந்து எடுத்தால் சரி. வெந்த பருக்கையாகப் பார்த்துப் பொறுக்கி நீட்டினால் அடியில் இருப்பது எப்படித் தெரியும்?

அதனால் ஆர்.வி., உங்கள் இரண்டு கல்லூரிகளின் படிவத்தையும் எடுத்து அந்த மேல் வரியைப் பாருங்கள். முதலாவதில் 90 சதவீதம் பேரும் இரண்டாவதில் 40 சதவீதம் பேரும் கொடுத்திருந்தால், 1340-உம் 1440-உம் ஒப்பிடக்கூடிய எண்களே இல்லை. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம் என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டு தேர்வின் மதிப்பெண்ணையும் கொடுக்கிற பிள்ளைகள் உண்டு. அதனால் இரண்டு சதவீதத்தையும் கூட்டினால் 100-ஐத் தாண்டலாம், பயப்பட வேண்டாம்.

அடுத்த படி, உங்கள் கணவரின் பயம். இன்ஜினீயரிங் என்றீர்கள். அப்படியானால் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் கணக்குப் பகுதியின் 25-ஆவது பெர்சன்டைலைப் பாருங்கள். அந்தப் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த எண் அதுதான். கணக்கு வாத்தியார் முதல் செமஸ்டரில் எங்கிருந்து ஆரம்பிப்பார், எதையெல்லாம் 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்று தாண்டிப் போவார் என்பதை அது ஓரளவு சொல்லிவிடும். எம்.ஐ.டி.யில் அந்த எண் 800-க்கு 780-ஐ ஒட்டி இருக்கும். அங்கே எந்தப் பாடம் எடுத்தாலும் இரண்டு செமஸ்டர் கால்குலஸும் இரண்டு செமஸ்டர் இயற்பியலும் கட்டாயம். எஸ்.ஏ.டி. கட்டாயம் என்ற விதியை அவர்கள் 2022 மார்ச்சிலேயே திரும்பக் கொண்டுவந்தபோது சொன்ன காரணமும் இதுதான்: கணக்கில் தயாராக வந்திருக்கிறார்களா என்று தெரிய வேண்டும்.

அப்புறம் 25-க்கும் 75-க்கும் நடுவே இருக்கும் இடைவெளி. கணக்கில் 620–760 என்றிருக்கும் வகுப்பில் வாத்தியார் யாருக்காகப் பாடம் நடத்துவது என்று திண்டாடுவார். அந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று வேகத்தில் கால்குலஸ் வகுப்பு வைத்திருப்பார்கள். உதவி மையமும் இருக்கும். 750–800 என்றிருக்கும் இடத்தில் வாத்தியாருக்கு அந்தக் கவலை இல்லை, கவலை எல்லாம் நமக்குத்தான். உங்கள் மகள் கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று எழுதவில்லை. 1450-இல் அது 760-ஆ 690-ஆ என்பது, எந்தக் கல்லூரி என்பதைவிட முக்கியமான கேள்வி.

ஒரே பிள்ளை இன்னொரு நாள் எழுதினால் மொத்தத்தில் 40 புள்ளி ஏறலாம், இறங்கலாம். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே மதிப்பெண்ணோடு ஒரு வீச்சைச் சேர்த்துத்தான் கொடுக்கிறது. ஆயிரம் பேரின் நடு எண்ணில் அந்த ஏற்ற இறக்கம் அடிபட்டுப் போய்விடும், அதனால் இரண்டு கல்லூரிகளின் நடு எண்களுக்கு இடையே இருக்கும் 70, 80 புள்ளி நிஜமாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் பக்கத்து சீட்டுப் பையனுக்கும் நடுவே உள்ள 40 புள்ளிக்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கணக்குக்கு 700, வாசிப்பு–எழுத்துக்கு 680 என்று 25-ஆவது பெர்சன்டைலைத் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டி 1380 என்று வைத்துக்கொள்ளலாமா?
— எஸ்.எம்., சான் ஹோசே

கூடாது. கணக்கில் பின்தங்கிய கால்வாசிப் பேரும் வாசிப்பில் பின்தங்கிய கால்வாசிப் பேரும் அதே ஆட்கள் இல்லை. கணக்கில் 690 வாங்கிய பையன் வாசிப்பில் 750 வாங்கியிருப்பான். அதனால் மொத்தத்தின் 25-ஆவது பெர்சன்டைல் பொதுவாக 1380-ஐவிடச் சற்று மேலே இருக்கும். மேல் முனையில் இதுவே தலைகீழ், கூட்டி வருவதைவிடச் சற்றுக் கீழே இருக்கும். இப்போதைய படிவத்தில் மொத்தத்துக்குத் தனி வரியே உண்டு. அதைப் பாருங்கள்.

மகனுக்குக் கால்டெக் கிடைக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் போகிறான். சராசரி குறைவான இடத்தில் அவனுக்கு ஈடான பிள்ளைகள் கிடைப்பார்களா?
— தி.கு., டெட்ராய்ட்

கிடைப்பார்கள், கால்டெக்கில் இருப்பதைவிட அதிகமாகவே. கால்டெக் கலிபோர்னியாவில் உள்ள சின்னத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அங்கே ஒரு வருஷம் சேர்பவர்கள் மொத்தமே 300-க்குக் கீழே. மிச்சிகனில் முதலாண்டில் 7,000-க்கு மேல். அதன் 75-ஆவது பெர்சன்டைல் 1500-ஐத் தாண்டி நிற்கிறது. பாதிப் பேர்தான் மதிப்பெண் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 3,500-இல் கால்வாசி, 800-க்கு மேற்பட்ட பிள்ளைகள் 1500-க்கு மேலே. கால்டெக்கின் முழு வகுப்பைப் போல இரண்டு, மூன்று வகுப்புகள்!

ஒரே ஒரு கஷ்டம். கால்டெக்கில் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த மாதிரி ஒருவர் திறப்பார். மிச்சிகனில் தேடிப் போக வேண்டும். கணக்கில் ருசி இருந்தால் 295, 296 என்ற எண்ணில் ஹானர்ஸ் கணிதம் நடக்கிறது. அங்கே போய் உட்காரச் சொல்லுங்கள், ஆட்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தைச் சராசரியை வைத்து எடை போடுவது எனக்குப் பிடிக்காத வேலைகளில் முதலாவது.

பெர்க்லியின் எஸ்.ஏ.டி. சராசரி எவ்வளவு? ஒவ்வொரு வலைத்தளமும் ஒவ்வொன்று சொல்கிறது.
— பா.ல., ஃப்ரீமான்ட்

அப்படி ஒன்று இப்போது கிடையாது. பெர்க்லியும் சேர்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 2020 மே மாதம் எஸ்.ஏ.டி.யைப் படிப்படியாக விடுவதென்று வாக்களித்தது. 2021-இல் ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, அனுப்பினாலும் அட்மிஷனுக்குப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. நீங்கள் பார்ப்பது பழைய வருஷத்து எண்ணாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாக்கெடுப்புக்குச் சில மாதம் முன்னால், அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் அமைத்த குழு, முதலாண்டில் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்பதை உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணைவிட இந்தத் தேர்வு நன்றாகவே காட்டுகிறது என்று அறிக்கை கொடுத்திருந்தது. ஆட்சிக்குழுவினர் கேட்டுக்கொண்டு வேறு முடிவு எடுத்தார்கள். அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்காக அங்கே படிக்கிறவர்கள் மட்டம் என்று யாராவது எழுதினால் அதிலும் உடன்பாடு இல்லை.

கல்லூரிகளே கொடுக்கும் எண்கள்தானே இவை? நிஜம் என்று எப்படி நம்புவது?
— ஜெ.பி., எடிசன்

நல்ல சந்தேகம். 2012 இதற்குப் பேர் போன வருஷம். கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் மெக்கென்னா கல்லூரி, தன் அட்மிஷன் அதிகாரி ஒருவர் 2005 முதல் எஸ்.ஏ.டி. எண்களை ஊதிக் கொடுத்து வந்ததாக அந்த ஜனவரியில் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு முறையும் சராசரியில் 10, 20 புள்ளிதான். அவ்வளவு சின்ன எண்ணுக்காக ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்தார் என்றால் தரவரிசைப் பட்டியல் மேல் அவர்களுக்கு எவ்வளவு பயம் என்று பாருங்கள். அதே வருஷம் எமரி பல்கலைக்கழகம் இன்னொன்றை ஒப்புக்கொண்டது: சேர்ந்த மாணவர்களின் எண் என்று சொல்லி, இடம் கொடுக்கப்பட்ட எல்லோருடைய எண்ணையும் கொடுத்து வந்திருந்தது.

இந்த இரண்டாவது தந்திரம் எங்கள் இடத்திலும் எட்டிப் பார்த்தது. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, "அட்மிட் ஆனவர்கள் லிஸ்டையே போட்டால் என்ன? அவர்களும் நம்ம பிள்ளைகள்தானே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர்களில் உச்சத்தில் இருக்கிறவர்களுக்கு நாலு இடத்தில் கிடைத்திருக்கும், நம்மிடம் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் எண் சட்டென்று ஏறும். படிவத்தில் 'சேர்ந்தவர்கள்' என்று அச்சடித்திருந்த வரியை விரலால் காட்டினேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் காபி குடிக்க வந்ததில்லை.

பொய்யே சொல்லாமலும் ஏற்றலாம். டெக்சஸின் பேலர் பல்கலைக்கழகம் 2008-இல் செய்ததைக் கேளுங்கள். ஏற்கெனவே இடம் கிடைத்து வந்துவிட்ட முதலாண்டுப் பிள்ளைகளிடம், எஸ்.ஏ.டி.யை இன்னொரு தடவை எழுதுங்கள், எழுதினாலே புத்தகக் கடையில் 300 டாலர் உங்களுக்கு என்றது. 50 புள்ளி ஏற்றிக் காட்டினால் வருஷத்துக்கு 1,000 டாலர் உதவித்தொகை. கல்லூரிக்குள் வந்த பிறகு நுழைவுத் தேர்வு! விஷயம் வெளியே வந்து எல்லோரும் சிரித்த பிறகுதான் விட்டார்கள்.

இன்னும் சில வழிகள் விதிக்கு உட்பட்டவை. அந்த அட்டவணை செமஸ்டர் தொடங்கும் இலையுதிர் காலத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. மதிப்பெண் கொஞ்சம் குறைந்த பிள்ளைகளை ஜனவரியில் வரச் சொன்னால் கணக்கில் வரமாட்டார்கள். வேறு கல்லூரியிலிருந்து இரண்டாம் ஆண்டுக்கு மாறி வருகிறவர்களும் வரமாட்டார்கள். பட்டமளிப்பு விழாவில் எல்லோரும் ஒரே அங்கிதான் போட்டிருப்பார்கள்.

நான் 1989-இல் எஸ்.ஏ.டி. வெர்பலில் (அன்றைய மொழிப் பகுதி) 600 வாங்கினேன். என் பையன் இப்போது 660. அப்பாவை ஜெயித்துவிட்டேன் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிகிறான்.
— வி.எஸ்., சிகாகோ

1995-இல் மதிப்பெண் அளவையே திருத்தி அமைத்தார்கள். நடு எண் 500-ஐவிட ரொம்பக் கீழே போய்விட்டதால் வெர்பலை மேலே தூக்கிவிட்டார்கள். காலேஜ் போர்டின் மாற்று அட்டவணைப்படி உங்கள் பழைய 600 சுமார் 670. அப்பா ஜெயித்தார் என்று சொல்லலாம் என்று பார்த்தால், 2016-இல் தேர்வே மறுபடி மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் அதே திறமைக்கு இன்னும் சில பத்துப் புள்ளிகள் கூடுதலாகவே விழுகின்றன. ஆக, பையனிடம் இதைச் சொல்லலாம். சொல்லாமல் விட்டால் வீட்டில் நிம்மதி. 2016-க்கு முந்தைய எண்ணை வைத்துக் கல்லூரி 'முன்னேறிவிட்டது' என்று விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

மதிப்பெண் அதிகமுள்ள இடத்தில் படித்தால் பிற்காலத்தில் சம்பளம் அதிகம் என்பது உண்மைதானே?
— ந.க., அட்லாண்டா

அங்கே படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள், உண்மை. அங்கே படித்ததாலா என்பதுதான் கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரி இடங்களுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடங்களில் கிடைத்தவர்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டால், மதிப்பெண் சராசரி கூடுதலான கல்லூரிக்குப் போனதால் வருமானம் கூடியதாகத் தெரியவில்லை. விதிவிலக்காக, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பலன் இருந்தது.

2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் ஐவி லீகையும் (ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள்) அதற்கு இணையான சிலவற்றையும் ஆராய்ந்தார்கள். அங்கே போவதால் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் நாட்டின் உச்சி ஒரு சதவீதப் பணக்காரர்களில் ஒருவராகும் வாய்ப்பு கூடுகிறது என்றார்கள். அதே ஆய்வில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது வேறொரு வரி. மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும், உச்சி ஒரு சதவீத வீட்டுப் பிள்ளை அங்கே சேரும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்தப் பாரபட்சம் உங்கள் கண்ணிலேயே படாது.

எந்த மாநிலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்? விஸ்கான்சின் சராசரி 1200-க்கு மேல், எங்கள் மிச்சிகன் 1000-க்குச் சற்றுக் கீழே என்கிறார்களே!
— ஒரு வாசகி, லான்சிங்

மிச்சிகனில் பள்ளியிலேயே எல்லோரையும் உட்கார வைத்து எழுத வைக்கிறார்கள். விஸ்கான்சினில் நூற்றுக்கு ஒரு சிலர்தான் எஸ்.ஏ.டி. எழுதுகிறார்கள், மற்றவர்கள் ஏ.சி.டி. அந்த ஒரு சிலர் வெளி மாநிலத்துப் பெரிய கல்லூரிகளைக் குறிவைத்தவர்கள். அவ்வளவே.

மகள் ஏ.சி.டி. மட்டும் எழுதி 33 வாங்கினாள். அடுத்த வருஷம் விண்ணப்பிக்கப் போகிறாள். கட்டாயம் இல்லாத கல்லூரிகளுக்கு அனுப்பலாமா, மறைக்கலாமா?
— கோ.ச., மினியாபொலிஸ்

இரண்டு தேர்வையும் நடத்தும் நிறுவனங்கள் 2018-இல் சேர்ந்து வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணைப்படி 33 என்பது எஸ்.ஏ.டி.யில் 1450–1480. பெரும்பாலான இடங்களுக்குத் தயங்காமல் அனுப்பலாம். கல்லூரியின் எண் 1500-ஐத் தாண்டி இருந்தால் பிள்ளைகள் மறைக்கத்தான் நினைப்பார்கள். டார்ட்மவுத் கல்லூரி 2024 பிப்ரவரியில் தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கியபோது, அவர்களுடைய ஆசிரியர்கள் தயாரித்த அறிக்கை இதைத்தான் சொன்னது. வசதி குறைந்த பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் 1400-களில் வாங்கிய மதிப்பெண்ணை வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார்கள். கொடுத்திருந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். அதிகாரிகள் மதிப்பெண்ணை அந்தப் பிள்ளை படித்த பள்ளியோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள். உங்கள் மகளின் பள்ளியில் 33 என்பது பெரிய விஷயமா, சாதாரணமா என்று பள்ளி கவுன்சிலருக்குத் தெரியும். பள்ளி திறந்ததும் அவரைப் போய்ப் பாருங்கள்.